மலைமேல் ஒரு வீடு, அதுவும் மே மாதத்தில்: வாடகை மோசடிக்கு வழிவிடும் தவறுகள்

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, எட்டரை மணியளவில், குன்னூரில் எங்கள் வீட்டு கேட்டின் முன் ஒரு கார் வந்து நின்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிய வளைவுகளில் வாந்தியெடுத்துச் சோர்ந்துபோன இரண்டு குழந்தைகளோடும் வயதான தாயாரோடும் வந்திருந்தவர், கைப்பேசியை நீட்டி, "இந்த வீடுதானே சார்?" என்று கேட்டார். திரையில் இருந்தது எங்கள் வீடேதான்: சிவப்புத் தகரக் கூரை, வாசலோரத்து ஹைட்ரேஞ்சியா புதர், மாடி ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக நாங்கள் ஒட்டியிருந்த அட்டை உட்பட எல்லாம் இருந்தன. வீட்டை விற்கலாம் என்ற எண்ணத்தில் முன்பு நாங்கள் கொடுத்த விளம்பரத்தின் படங்களை யாரோ எடுத்து, இரண்டு படுக்கையறை கொண்ட விடுமுறை இல்லம் என்று போட்டு, அவரிடம் 12,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார்கள்.

படத்தைப் பார்த்து வீட்டை நம்புவதுதான் முதல் தவறு. கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்துத் தேடினால் அது வேறெங்கெல்லாம் வந்திருக்கிறது என்பது பல நேரங்களில் தெரிந்துவிடும். ஆனால் எல்லாப் படமும் அப்படிச் சிக்குவதில்லை. அதைவிட உறுதியானது நேரலைக் காணொளி அழைப்பு. சாலையில் தொடங்கி, கேட்டைத் திறந்து, சமையலறைக் குழாயைத் திருகிக் காட்டும்வரை அழைப்பைத் துண்டிக்காமல் நடக்கச் சொல்லுங்கள். மலையில் சிக்னல் இல்லை என்பார்கள். அது பல இடங்களில் உண்மைதான் என்பதால் கேட்பவருக்கும் நியாயமாகப் படும். உண்மையில் வீடு வைத்திருப்பவர் சிக்னல் கிடைக்கும் நேரத்தைச் சொல்லி மறுபடி அழைப்பார். மற்றவரோ ஏற்கெனவே எடுத்துவைத்த காணொளி ஒன்றை அனுப்பிவிட்டு, "இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள்" என்பார்.

இதைவிடப் பெரிய தவறு, முன்பதிவுத் தளத்தை விட்டு வெளியேறுவது. எங்கள் வாசலில் நின்றவரும் ஒரு தளத்தில்தான் வீட்டைப் பார்த்திருக்கிறார். பத்து விழுக்காடு குறைத்துத் தருவதாகச் சொல்லி அவரை வாட்ஸ்அப்புக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் நாம் செலுத்தும் பணம் உடனே வீட்டுக்காரர் கைக்குப் போவதில்லை. விருந்தினர் குடிபுக வேண்டிய நேரத்துக்குப் பிறகு சுமார் 24 மணி நேரம் கழித்துத்தான் அது பொதுவாக விடுவிக்கப்படுகிறது. வீடே இல்லை என்று தெரிந்தால் பணத்தை மீட்க வழியிருப்பது இந்த இடைவெளியால்தான். தளத்துக்கு வெளியே அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்தப் பத்து விழுக்காட்டை மிச்சம் என்று நினைப்பவர்கள், எதை விலையாகக் கொடுத்து அதை வாங்கினார்கள் என்று எண்ணிப்பார்ப்பதில்லை.

நேரடியாகத்தான் அனுப்பியாக வேண்டும் என்ற நிலையிலும், யுபிஐயில் அனுப்புமுன் திரையில் தெரியும் வங்கிக் கணக்குப் பெயரைப் படிக்க ஒரு நொடி போதும். பேசுபவர் ஒருவர், கணக்கின் பெயர் வேறொருவருடையது, கேட்டால் மைத்துனர் கணக்கு என்று பதில் வருகிறது என்றால், அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. ஆதார் அட்டைப் படத்தை அனுப்பி நம்பச் சொல்வதையும் ஏற்க வேண்டாம். அந்த அட்டை இதற்கு முன் ஏமாந்த யாருடையதாகவும் இருக்கலாம். முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடுங்கள் என்பது அடுத்த கட்டம். பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைப் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும்.

பெயர்பெற்ற விடுதிகளின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துவோரும் உண்டு. வரைபடச் செயலியில் உள்ள தொலைபேசி எண்ணை மாற்றும்படி பொதுமக்களே பரிந்துரைக்க முடியும் என்பதால், அங்கே தெரிவதாலேயே ஓர் எண் விடுதியுடையதாகிவிடாது. ஊட்டி, குன்னூர்ப் பகுதியின் 0423 என்ற குறியீட்டில் தொடங்கும் தரைவழி எண் இருந்தால் அதில் அழைத்து, கைப்பேசி எண் அவர்களுடையதுதானா என்று கேட்டுக்கொள்ளலாம்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்று, 'ஊட்டி' என்ற சொல். கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மசினகுடியோ கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கிறது. இரண்டையும் 'ஊட்டி அருகில்' என்று விற்கிறார்கள். தூரம் மட்டுமே சிக்கல் என்று எண்ண வேண்டாம். யானை வழித்தட வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி 2018 ஆகஸ்டில் மசினகுடியைச் சுற்றிய பல விடுதிகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. குடியிருப்புக்கென அனுமதி பெற்றுவிட்டுக் காட்டேஜாக நடத்தப்படும் கட்டடங்களும் இம்மாவட்டத்தில் முத்திரையிடப்பட்டிருக்கின்றன. எனவே உள்ளாட்சி அனுமதி இருக்கிறதா என்று கேட்பது முறையான கேள்விதான். அதற்குக் கோபப்படுபவரிடம் வீடு எடுக்காதீர்கள்.

வெளியூர் வண்டிகள் மலைக்குள் நுழைய எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றியும் ஒரு சொல். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். அரசுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2025இல் சீசனுக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வகுத்த பிறகு, "பாஸ் தீர்ந்துவிடும், இப்போதே பணத்தை அனுப்புங்கள், பாஸையும் நானே எடுத்துத் தருகிறேன்" என்று அவசரப்படுத்துவது மோசடிக்காரர்களுக்கு எளிதாகிவிட்டது.

ஏமாந்தது தெரிந்தபின் செய்யும் தவறுகளை அன்றிரவு எங்கள் கூடத்திலேயே பார்த்தேன். பனியில் அவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் பாய் விரித்துக் கொடுத்திருந்தோம். மனிதர் வெட்கத்தில், புகார் எதற்கு என்றார். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும். அழைப்பவர்கள் கையில் யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் இருக்க வேண்டும். அது அவருடைய செயலியில் இருந்தது. ஆனால் வாட்ஸ்அப் உரையாடலை, மோசடிக்காரரின் எண்ணோடு சேர்த்து, கோபத்தில் எங்கள் கேட்டின் முன் நின்றபோதே அழித்துவிட்டிருந்தார்.

அந்த விளம்பரம் நான் தளத்துக்குப் புகார் அனுப்பிய பிறகு நீக்கப்பட்டது. அடுத்த வாரமே அதே சிவப்புக் கூரையும் அட்டை ஒட்டிய ஜன்னலும் 'கோத்தகிரி' என்ற பெயரில் வேறொரு தளத்தில் வந்திருந்தன, வாடகை 500 ரூபாய் கூடுதலாக.