மாலையில் வாங்கிய ஷூ

மண்டபம், பாம்பன் பக்கம் மீனவர் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் விவரம் எடுப்பது என் வேலை. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. முதலில் வாங்கிய ஸ்னீக்கர், கடையில் போட்டுப் பார்த்தபோது பஞ்சுமெத்தை மாதிரி இருந்தது. ஒரே வாரத்தில் பெருவிரல் நகம் முன்பக்கம் இடித்து இடித்துக் கறுத்துவிட்டது.

தப்பு அப்புறம்தான் பிடிபட்டது. காலையில், வெறுங்காலில் போட்டுப் பார்த்து வாங்கியிருக்கிறேன். நடக்க நடக்கப் பாதம் வீங்கும். வெயிலில் இன்னும் அதிகம். அடுத்த முறை வேலை முடிந்து மாலை 6 மணிக்கு, அதே சாக்ஸோடு ராமநாதபுரம் கடைக்குப் போனேன். எழுந்து நின்று, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஷூவைக் கையால் வளைத்தேன். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டவே வேண்டாம். மெத்தென்று அமுங்குவதை இப்போது நான் நம்புவதில்லை. மணலில் ஏற்கெனவே கால் புதைகிறது, அடிப்பாகமாவது உறுதியாகத் தாங்க வேண்டும்.

அப்படி வாங்கிய ஷூவில் குதிகால் மட்டும் கொஞ்சம் தூக்கியது. மேலே சும்மா கிடந்த கடைசி ஓட்டையில் லேஸை வளையமாகக் கோத்து இறுக்கினேன், சரியாகிவிட்டது. ஷூவின் மேல்பக்க வலைத்துணி வழியாகப் பொடிமணல் நுழைவது தீரவில்லை. மதியம் ஷூவைத் தட்டி, சாக்ஸை உதறிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன்.