வெளிநாட்டு அகழாய்வுப் பயிற்சிக்குக் கிளம்பும் முன்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கோடையில் நடத்தும் அகழாய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் இடத்தின் பெயரில் மயங்கிவிடுகிறார்கள். ரோமானிய நகரமா, வெண்கலக் கால மேடா என்பது இரண்டாம்பட்சம். நான்கைந்து வாரத்தில் உங்கள் கையால் எத்தனை பதிவுத் தாள் எழுதுவீர்கள், எத்தனை வரைபடம் வரைவீர்கள்? அதைத்தான் முதலில் மின்னஞ்சலில் கேட்க வேண்டும்.

கூடவே இன்னும் சில கேள்விகள். ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள்? பத்துக்கு மேல் என்றால் கூடை சுமப்பதிலேயே பாதி நாள் போய்விடும். இந்த ஆண்டுக்கான அகழாய்வு அனுமதி கைக்கு வந்துவிட்டதா, வராவிட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? மதிப்பெண் சான்று வேண்டாம் என்றால் கட்டணம் குறையுமா? விமானச் செலவும் காப்பீடும் பெரும்பாலும் கட்டணத்தில் சேராது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூன், ஜூலைப் பயிற்சிக்கு ஏப்ரல் வரை காத்திருப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இந்தியாவில் குழி தோண்டிப் பழகியவர்களுக்கு, குறிப்பாக பிரிட்டனில், ஒரு குழப்பம் காத்திருக்கிறது. சதுரக் குழிகள், நடுவே விடும் மண் சுவர் என்று நாம் கற்பது பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் போட்ட பாதை. 1944-ல் தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தி, 1945-ல் அரிக்கமேட்டில் தோண்டியவர் அவர். அவருடைய சொந்த நாட்டிலோ இன்று பல இடங்களில் அந்தச் சுவரை விடுவதில்லை. பரப்பு முழுவதையும் திறந்து, ஒவ்வொரு மண் நிகழ்வுக்கும் ஒரு கான்டெக்ஸ்ட் எண் கொடுக்கிறார்கள்.

மஞ்சள் களிமண் தரையில் ஒரு கருமண் வட்டம் தெரிகிறது என்று வையுங்கள். அது பழைய குப்பைக்குழி. உள்ளே நிரம்பிய கருமண்ணுக்கு ஓர் எண் (101). குழி வெட்டப்பட்ட செயலுக்குத் தனி எண் [102]. அது வெட்டிச் சென்ற தரைக்கு (103). நம்மவர்கள் தவறவிடுவது நடு எண்ணைத்தான்: வெட்டு என்பது மண்ணே இல்லையே, அதற்கெதற்கு எண் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் தரை போட்டதற்கும் குப்பை நிரம்பியதற்கும் இடையே நடந்த ஒரு செயல் அது. பாதிக் குழியை மட்டும் தோண்டி, வெட்டுமுகத்தை 1:10 அளவில் வரைந்த பிறகே மறுபாதியை எடுக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும் தளப்படம் 1:20. பழக்கதோஷத்தில் 10 செ.மீ. ஆழம் என்று மட்டமாகச் சீவினால் (101)-இன் பானை ஓடுகளும் (103)-இன் பானை ஓடுகளும் ஒரே பையில் விழும். தரை உண்மையைவிடப் பிந்தையதாகத் தோன்றும். பையைக் கலந்த பிறகு பிரிக்க வழியே இல்லை.

எது முந்தியது, எது பிந்தியது என்ற எண்களின் உறவை, தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973-ல் வகுத்த கட்டப்படத்தில் அன்றன்றைக்கே மாலையில் போட்டுவிடுங்கள். வாரக் கடைசிக்குத் தள்ளினால் எது எதை வெட்டியது என்பது மறந்திருக்கும்.

மட்டம் எடுக்கும் கணக்கை, அதாவது குழிக்குள் ஓர் இடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று காண்பதை, ஊரிலேயே பழகிக்கொள்ளலாம். நிலையான குறியின் உயரம் 12.40 மீ.; அதன்மேல் நிறுத்திய அளவுகோலில் 1.35 படிக்கிறது. கூட்டினால் முக்காலியில் நிற்கும் மட்டக் கருவியின் உயரம் 13.75. குழிக்குள் அளவுகோல் 2.10 காட்டினால், கழித்து 11.65. முடித்ததும் குறியை மறுபடி ஒருமுறை படியுங்கள். 1.35 வரவில்லையென்றால் யாரோ முக்காலியைத் தட்டியிருக்கிறார்கள். எல்லா அளவும் திரும்ப எடுக்க வேண்டும்.

பையில் மண் சீவும் 4 அங்குலக் கரண்டி ஒன்று (பிரிட்டனில் டபிள்யூஎச்எஸ், அமெரிக்காவில் மார்ஷல்டவுன் என்ற பிராண்டுகள்), 4எச் அல்லது 6எச் பென்சில். எச்பி பென்சில், வரைபடம் வரையும் பிளாஸ்டிக் படலத்தில் தீற்றிக்கொள்ளும்.

கண்டெடுத்ததைக் கைபேசியில் படமெடுத்து அன்றே வலையேற்றாதீர்கள். படத்தோடு ஜிபிஎஸ் இருப்பிடமும் போனால், இரவில் உலோகம் தேடும் கருவியோடு வருகிற திருடனுக்கு வழிகாட்டியது மாதிரி. ஓட்டுச்சில்லு ஒன்றைக்கூட நினைவுக்கு என்று எடுத்து வரக்கூடாது. பல நாடுகளில் அது சிறைக்குரிய குற்றம்.

மரபுப் பாதுகாப்பை நீண்ட படிப்பாகப் படிக்க நினைப்பவர்களுக்கு, ஜெர்மனியின் கோட்புஸ் பல்கலைக்கழகம் 1999 முதல் உலக மரபு முதுகலையை ஆங்கிலத்தில் நடத்துகிறது. பிரிட்டனில் படிக்க அந்நாட்டு அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்பார்கள். அகழாய்வில் வேலை செய்த நாட்களுக்கெல்லாம் தேதி போட்ட கடிதம் அப்போதைக்கப்போதே வாங்கி வையுங்கள். இயக்குநர் மாற்றலாகிப் போன பிறகு கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு.

டெட்டனஸ் ஊசி போட்ட சீட்டும் கையில் இருக்கட்டும். பல குழுக்கள் முதல் நாளே கேட்கும்.