யாரை ஃபாலோ பண்ணலாம், யாரை விடலாம்: நான் செய்ற முறை

மொதல்ல இன்ஸ்டாகிராம்ல உங்க ஃபாலோயிங் லிஸ்ட்ட தொறந்து மேலேர்ந்து ஒவ்வொரு பேரா பாத்துட்டே வாங்க, பாக்கறப்போ ஒரே ஒரு கேள்வி, இவங்கள பாத்து நான் என்ன செஞ்சேன்? ஒரு ரசம் வெச்சு பாத்தேன், மாடியில கத்திரி நாத்து நட்டேன், எதுவா இருந்தாலும் சரி. ஒண்ணுமே இல்ல, பாத்தா மனசும் லேசாகல, ஏக்கம்தான் மிச்சம்னா அன்ஃபாலோ பண்ணிடுங்க. அவங்களுக்கு நோட்டிஃபிகேஷன் எதுவும் போகாது.

சொந்தக்காரங்க, ஆஃபீஸ்காரங்கள அப்படி விட முடியாது, நாளைக்கே கல்யாணத்துல பாப்போம். அவங்களுக்கு மியூட் போதும், ஃபாலோ அப்படியே இருக்கும், அவங்க போஸ்ட் மட்டும் நம்ம கண்ணுல படாது, அவங்க ப்ரொஃபைல்ல ஃபாலோயிங்ங்கற பட்டன தொட்டா வரும், அதுவும் அவங்களுக்கு தெரியாது. நெஜமாவே வேணுங்கறவங்கள ஃபேவரிட்ஸ்ல போடுங்க, அவங்க போஸ்ட் மேல வரும், 50 பேர் வரைக்கும் போடலாம்.

பணம் விஷயத்துல மட்டும் ரொம்ப கவனம். எங்க வீட்லயே ஒருத்தர் டெலிகிராம்ல ஷேர் டிப்ஸ் குடுக்கறவர நம்பி சேத்து வெச்சதெல்லாம் விட்டாரு, இன்னும் அத பத்தி பேசினா அழுவாரு. செபில, அதாவது ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கற அரசு அமைப்புல, பதிவு பண்ண அட்வைசரா இருந்தா நம்பர் ஐஎன்ஏன்னு ஆரம்பிக்கும், ரிசர்ச் அனலிஸ்ட்னா ஐஎன்ஹெச். நம்பர் போட்டிருக்காங்கன்னு மட்டும் நம்பிடாதீங்க, அடுத்தவங்க நம்பர போடறவங்களும் இருக்காங்க, செபி வெப்சைட்ல தேடி அதே பேர் வருதான்னு பாருங்க.

இப்ப நேர்ல ஒருத்தர ஃபாலோ பண்றது. எங்க அத்தை கூட சின்ன வயசுல காய் மார்க்கெட்டுக்கு பைய தூக்கிட்டு பின்னாடியே போவேன், அத்தை எதையும் வாயால சொல்லித்தந்ததே இல்ல. மொத சுத்து எதையும் வாங்க மாட்டாங்க, வெல மட்டும் கேட்டுட்டே நடப்பாங்க, ரெண்டாவது சுத்துலதான் பை நெறையும், வெண்டைக்கா நுனிய ஒடிச்சு பாப்பாங்க, முருங்கக்காய முறுக்கி பாப்பாங்க. சில நாள் ஏமாந்தும் போவாங்க, சொத்த கத்திரிக்கா வந்துடும், அன்னிக்கு நான் கத்துக்கிட்டதுதான் ஜாஸ்தி. முப்பது செகண்ட் ரீல்ஸ்ல இந்த சொத்த கத்திரிக்கா வரவே வராது.

அதனால தையலோ சமையலோ வண்டி ரிப்பேரோ, தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட "நானும் கூட வரட்டுமா"ன்னு கேளுங்க. மொத ரெண்டு மூணு தடவ குறுக்க கேள்வி கேக்காம கைய மட்டும் பாருங்க, வேல ஆரம்பத்துலேர்ந்து முடியற வரைக்கும் இருங்க, பாதியில கிளம்பாதீங்க. சந்தேகத்த டீ குடிக்கறப்போ கேளுங்க, அடுத்த தடவ அவங்க முன்னாடியே நீங்க செஞ்சு காட்டுங்க, திட்டுனா வாங்கிக்கோங்க.