தில்லியில் பேய் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தில்லிக்குப் பேய்க் கதைகளில் பஞ்சம் இருந்ததே இல்லை. 2023இல் தில்லி அரசின் சுற்றுலாத் துறையே மால்ச்சா மஹால் என்னும் பாழடைந்த மாளிகையில் தொடங்கிப் பேய் நடை என்ற பெயரில் மக்களை அழைத்துச் செல்ல முன்வந்தது. அதன் பிறகு, ராமகிருஷ்ணபுரத்திலும் கரோல் பாகிலும் மயூர் விஹாரிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்கு, மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே நகருக்குள்ளேயே இருக்கும் ரிட்ஜ் என்னும் குன்றுக் காட்டுக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தால் என்ன என்ற துணிச்சல் வந்திருக்கிறது. பேய் உண்டா இல்லையா என்பதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. தேடிப் போகிறவர்கள் பேய்க்காகச் செய்துகொள்ளும் ஆயத்தத்தில் கால் பங்கைக் கூடக் கிணற்றுக்கும் கூரைக்கும் காற்றுக்கும் செய்துகொள்வதில்லை என்பதே நான் கண்டது. அடிபடுவதோ எப்போதும் பின்னவற்றால்தான்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய், பகலில் ஒரு முறையும் பார்த்திராத இடத்துக்கு முதன்முதலாக இரவில் போவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஜண்டேவாலான் பக்கம் ரிட்ஜ் ஓரத்தில் இருக்கும் பூலி பட்டியாரி மஹாலுக்கு, அது 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் காலத்து வேட்டை மாளிகை என்பது கூடத் தெரியாமல், இரண்டு நண்பர்களுடன் ஒரு டிசம்பர் மாலை இருட்டும் நேரத்தில் போனேன். வழியெங்கும் நம் ராமநாதபுரத்தை நினைவூட்டும் சீமைக் கருவேலம். இங்கே அதற்கு விலாயதி கீகர் என்று பெயர். முள் மட்டும் அதே முள்தான். ரப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டு அது ஒரு நண்பனின் பாதத்தில் ஏறியது. அவனைத் தாங்கப் போன நான் புல் மூடிய பள்ளத்தில் காலை விட்டுக் கணுக்காலைப் பிசகிக்கொண்டேன். மூவரிடமும் சேர்த்து ஒரே ஒரு கைபேசியில்தான் வெளிச்சம் இருந்தது. அன்று நாங்கள் கேட்ட முனகல்கள் அனைத்தும் எங்களுடையவை.

இந்த நள்ளிரவு மோகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குவதில்லை. எங்கள் பாட்டி, உருமத்தில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று நடுப்பகல் வெயிலுக்குத்தான் எங்களை அதிகம் எச்சரித்தார். நம் ஊர்க் காத்துக் கருப்புகள் உச்சிப் பொழுதிலும் உலவுபவை என்னும்போது, பகலில் போனால் ஒன்றும் கிடைக்காது என்று எண்ணுவதற்குக் கதையிலும் ஆதாரமில்லை. எனவே முதல் இரண்டு தடவையாவது பகலில் போய், நுழையும் வழி, வெளியேறும் வழி, மூடியில்லாத கிணறு, தளர்ந்த படி, தொங்கும் மின்கம்பி, வௌவால் அடையும் அறை ஆகியவற்றைக் கையால் வரைந்த படத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசிச் சமிக்ஞை எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். பிறகு ஏதேனும் கதவு தானாக அடித்துக்கொண்டால், அந்தக் கீல் பகல் காற்றிலும் அப்படித்தான் அடித்துக்கொண்டதா என்பதற்கு அந்தப் படம் விடை சொல்லும்.

அனுமதியில்லாமல் போவது அடுத்த தவறு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் சிலவற்றைத் தவிர மற்றவை சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையே திறந்திருக்கும். அங்கே முக்காலி வைத்துப் படம் பிடிக்கத் தனி அனுமதி வேண்டும். தலைநகரில் ட்ரோன் பறக்கவிடுவது விளையாட்டன்று, பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட வான்வெளி. தனியார் இடமாக இருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு அத்துமீறி நுழைவதற்கு மூன்று மாதம் வரையும், வீட்டுக்குள் நுழைவதற்கு ஓராண்டு வரையும் சிறை விதிக்க இடம் தருகிறது. காவலாளியின் கையில் இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கும் சம்மதம் அனுமதியாகாது. பிடிபடும்போது அந்தக் காவலாளி உங்களைத் தெரியாது என்றுதான் சொல்வார்.

சட்டத்தை விடவும் அச்சப்பட வேண்டியது அக்கம்பக்கத்து மக்களின் அச்சம். 2001 மே மாதம், கோடை வெப்பத்தில் மொட்டை மாடிகளில் மக்கள் படுத்துறங்கிய நாட்களில், கிழக்கு தில்லியிலும் காசியாபாதிலும் ‘காலா பந்தர்’ என்னும் குரங்கு மனிதன் நகத்தால் கீறுகிறான் என்ற வதந்தி பரவியது. அப்படி ஒரு உருவம் கடைசி வரை அகப்படவில்லை. ஆனால் அது வருகிறது என்ற கூச்சலில் மாடியிலிருந்து குதித்தவர்களும் படிக்கட்டில் உருண்டவர்களும் உண்மையிலேயே இறந்தார்கள். சந்தேகத்துக்கு ஆளான அப்பாவிகள் அடி வாங்கினார்கள். 2017இல் பெண்களின் பின்னலை யாரோ அறுக்கிறார்கள் என்ற பீதி ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் தில்லியிலும் பரவியபோது, ஆக்ரா அருகே ஒரு மூதாட்டி சூனியக்காரி என்று சந்தேகிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். கறுப்பு உடையும் சிவப்பு விளக்குமாக நள்ளிரவில் ஒரு குடியிருப்பின் ஓரத்தில் பதுங்கி நடக்கும் நான்கு பேர், அங்குள்ளோர் கண்ணுக்கு ஆராய்ச்சியாளர்களாகத் தெரியமாட்டார்கள். போவதற்கு முன் அப்பகுதிக் காவல் நிலையத்திலும், முனையில் டீக்கடை வைத்திருப்பவரிடமும் சொல்லிவிட்டுப் போவது கூச்சமாக இருக்கலாம். ஆனால் அந்த டீக்கடைக்காரர்தான் பின்னால் கூட்டத்திடம் உங்களுக்காகப் பேசக்கூடியவர். இந்தி சரளமாக வராதவர்கள், வருகிற ஒருவரையேனும் உடன் வைத்துக்கொள்வது நல்லது.

பெரோஸ் ஷா கோட்லா என்னும் பழைய கோட்டை இடிபாட்டுக்குப் போகிறவர்கள் வேறொரு விதத்தில் தவறுகிறார்கள். அங்கே வியாழக்கிழமைதோறும் மக்கள் தங்கள் குறைகளை மனுவாக எழுதி, நகல் எடுத்து, ஜின்களுக்கு இருட்டறைகளில் வைத்து விளக்கேற்றுகிறார்கள். மகள் திருமணம், கணவன் குடி, நீதிமன்ற வழக்கு என்று அவர்கள் எழுதும் காகிதங்கள் ஒரு குடும்பத்தின் அந்தரங்கம். அதை விரித்துப் படிப்பதும், அழுதுகொண்டிருப்பவரின் முகத்தில் கேமராவை நீட்டுவதும் ஆய்வில் சேராது. நம் ஊர்ச் சுடலைமாடன் கோவிலில் சாமியாடிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் யாராவது பேய் தேடும் அளவு மானியைக் காட்டி அளந்தால் நாம் சும்மா இருப்போமா என்று யோசித்துக்கொண்டால் போதும்.

நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது காற்றைப் பற்றி. 1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், பேய் வீடு என்று தாங்களே நம்பிய ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். காலடி ஓசை, கண்ணெதிரே தோன்றும் உருவங்கள், இரவில் அமுக்கும் பாரம், வாடிப்போகும் செடிகள், சோர்ந்துபோகும் குழந்தைகள் என்று அவர்கள் அனுபவித்தவற்றுக்கெல்லாம் காரணம், பழுதான உலையின் புகை அறைகளுக்குள் கசிந்துவந்ததுதான் என்று தெரிந்தது. அப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், குழப்பம், யாரோ இருப்பது போன்ற உணர்வு என்று தொடங்கி, மயக்கத்தில் ஆழ்த்திக் கொன்றுவிடும். இதைத் தில்லிக்காரர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை: அங்கீட்டி என்று இங்கே சொல்லும் கரிக் கணப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கியவர்கள் விடிகாலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. சன்னல் இல்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசரும் அதே ரகம். ஆகவே ஜனவரி இரவில் பாழடைந்த அறைக்குள் உட்கார்ந்து குளிருக்குக் கரியோ சுள்ளியோ மூட்டுவதும், ஜெனரேட்டரை உள்ளே வைத்து ஓட்டுவதும், நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கும்போது ‘ஏதோ சக்தி’ என்று மகிழ்ந்து அங்கேயே உட்கார்ந்திருப்பதும் உயிருக்கு உலை வைக்கும் தவறுகள். உடனே வெளியேறுங்கள், காரணத்தை வெளியே நின்று விவாதித்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் சிறு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று, இத்துறையில் விற்கப்படும் மற்றக் கருவிகள் எல்லாவற்றையும் விடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

பாவோலி எனப்படும் படிக்கிணறுகளுக்கும் மூடிய நிலவறைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பயன்படாத கிணற்றின் அடியில் மக்கும் குப்பையால் உயிர்வளி குறைந்து நச்சு வாயு தேங்கியிருக்கக்கூடும். மயங்கி விழுந்தவரைத் தூக்க அடுத்தடுத்து இறங்கியவர்கள் எல்லாம் இறந்த செய்திகளை நாம் தமிழ்நாட்டிலேயே நிறையப் படித்திருக்கிறோம். வௌவால் எச்சம் குவிந்த அறைகளில் அதைக் கிளறினால் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை நுண்மங்கள் தூசியோடு எழலாம். என்95 முகக்கவசம் இல்லாமல் அங்கே நுழையவே கூடாது. துணி முகக்கவசம் போதாது. கட்டடமும் நம்பத்தக்கதன்று. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஹுமாயூன் கல்லறைக்கு அருகிலுள்ள பட்டே ஷா தர்காவில், மக்கள் புழங்கிவந்த ஓர் அறையே இடிந்து விழுந்து பலர் இறந்தனர். ஆளரவமே அற்ற துக்ளக் காலத்துக் கூரையின் கீழ் மழைக்காலத்தில் நிற்பது எவ்வகையில் சரியாகும்?

விலங்குகளைப் பற்றிச் சுருக்கமாக. குரங்கோ நாயோ வௌவாலோ கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிப்பதே இல்லை என்பதால், இருட்டில் ஏதோ உரசியது என்று விட்டுவிடக்கூடாது. பாம்புக்கடியில் இறுகக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடித்த உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று பேருக்குக் குறையாமல் போக வேண்டும் என்பது இதற்காகத்தான்: ஒருவர் விழுந்தால் ஒருவர் துணையிருக்க, ஒருவர் உதவிக்கு ஓட முடியும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் 112க்கு அழைக்கும்படி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கருவிகளை நம்பி ஏமாறுவது இன்னொரு பெருந்தவறு. மின்காந்த மானி பேயை அளப்பதில்லை. சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்கம்பியையும் சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியையும் அளக்கிறது. பழைய வீட்டில் அது துள்ளினால் முதலில் அழைக்க வேண்டியவர் எலக்ட்ரீஷியன். அகச்சிவப்பு வெப்பமானி காட்டுவது எதிரே உள்ள பரப்பின் வெப்பம், நடுவே உள்ள காற்றினுடையது அன்று. படத்தில் தெரியும் ஒளி உருண்டைகள், லென்சுக்கு அருகே மிதக்கும் தூசியில் ஃபிளாஷ் பட்டுத் திரும்புவதால் வருபவை. தில்லியின் குளிர்காலக் காற்றில் அவை இல்லாமல் படம் எடுப்பதே கடினம். பேய் மின்கலத்தை உறிஞ்சிவிட்டது என்பார்கள், ஆனால் ஐந்து டிகிரிக் குளிரில் மின்கலம் தானாகவே தளர்ந்துபோகும். உதிரி விளக்கை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டால் அந்தப் பேய் வருவதில்லை.

விடையை மனத்தில் வைத்துக்கொண்டு போவதால் வரும் கேட்டுக்கு மால்ச்சா மஹாலே சான்று. வட இந்தியாவின் பழைய அவத் அரச வம்சத்தினர் என்று சொல்லிக்கொண்டு 1985 முதல் அங்கே வாழ்ந்த பேகம் விலாயத் மஹாலின் குடும்பத்தில் கடைசியாக இருந்த மகன் 2017இல் இறந்த பிறகு, அவர்களுடைய ஆவிகளைத் தேடிப் போனவர்கள் பலர். 2019இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட நீண்ட புலனாய்வோ, உறவினர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து, அந்த அரச வம்சக் கதையே உண்மையன்று என்று காட்டியது. மானியோடு போனவர்கள் இல்லாத பேகத்தின் ஆவியிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், ஆட்களிடம் பேசியவருக்கு விடை கிடைத்தது.

ஆள் வாழும் வீட்டுக்கு அழைக்கப்படும்போது பொறுப்பு பல மடங்கு கூடுகிறது. முனிர்க்காவின் நெருக்கமான மாடிகளில் வாடகைக்கு இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், ‘வீட்டில் ஏதோ இருக்கிறது, வந்து பாருங்கள் அண்ணா’ என்று அழைத்தால், கருவிப் பையைத் திறக்கும் முன் கேட்க வேண்டியவை பல: கீசர் எங்கே இருக்கிறது, யாருக்காவது தூக்கம் கெட்டிருக்கிறதா, புதிதாக மருந்து எடுக்கிறார்களா, அண்மையில் யாரேனும் இறந்தார்களா. மார்பின் மேல் ஏறி உட்காருவதாக நாம் சொல்லும் அமுக்குவான், மூளை விழித்தும் உடல் விழிக்காத தூக்க முடக்கம். இரவுப் பணி பார்ப்பவர்களுக்கும் தூக்கம் குறைந்தவர்களுக்கும் அது அதிகம் வரும். இதை விளக்காமல், ‘ஆமாம், ஒரு பெண் உருவம் தெரிகிறது’ என்று சொல்லிவிட்டு வருவதைப் போலக் கொடிய தவறு வேறில்லை. 2018 ஜூலை 1 அன்று தில்லியின் புராரியில் ஒரே குடும்பத்தின் 11 பேர் இறந்துகிடந்தபோது கிடைத்த குறிப்பேடுகள், இறந்துபோன தந்தையின் கட்டளைகள் என்று நம்பப்பட்டவற்றைக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் பின்பற்றியதைக் காட்டின. வீட்டில் ஒருவருக்குக் குரல் கேட்கிறது, அது கட்டளையிடுகிறது என்று தெரிந்தால், உங்கள் ஆய்வு அந்த நிமிடமே முடிந்துவிட்டது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைக் கொடுத்து, அழைக்கும் வரை உடனிருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன், அவரவர் கண்டதையும் கேட்டதையும் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும். ஆட்டோவில் வரும்போதே பேசித் தீர்த்துவிட்டால் நால்வரும் ஒரே பேயைப் பார்த்திருப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ வறட்டு இருமலோ நெஞ்சுவலியோ வந்து மருத்துவரிடம் போனால், வௌவால் எச்சம் கிடந்த இருட்டறைக்குள் இருந்துவிட்டு வந்ததையும் சொல்லுங்கள். பேய் பார்க்கப் போனேன் என்று சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டால், அவர் சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கே மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.