சைக்கிளில் மலை ஏற்றம்: அடிவாரத்திலேயே தொடங்கிவிடும் தவறுகள்

ஏற்றத்தில் பாதி வழியில் இறங்கி நிற்பவரிடம் கேட்டால், காலில் தெம்பு போதவில்லை என்பார். கால் பாவம், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்தில் காட்டிய அவசரம்தான் அவரை அங்கே இறக்கிவிட்டிருக்கும்.

சமதளத்தில் வேகமாகப் போகும்போது நம்மைத் தடுப்பது காற்று. ஏற்றத்தில் நம் எடை. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்த எடையை மேலே தூக்க மட்டுமே சுமார் 115 வாட் சக்தி தேவை. வேகம் 12 ஆனால் கிட்டத்தட்ட 140 வாட். இரண்டே கிலோமீட்டர்தான் கூடியது, ஆனால் உழைப்பு ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது. சமதளமாக இருந்தால் கொஞ்ச நேரம் மிதிக்காமல் உருளவிட்டு மூச்சைச் சரிசெய்துகொள்ளலாம். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் சில நொடிகளில் சைக்கிளே நின்றுவிடும்.

ஆகவே, ஏற்றத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கு "இவ்வளவு மெதுவாகவா போவது?" என்று தோன்றும்படி இருக்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

கூட வருபவர் வேகமாக ஏறுகிறார் என்று அவர் பின்னாலேயே ஒட்டிக்கொள்வதும் இதே தவறுதான். சமதளத்தில் முன்னால் போகிறவர் நமக்காகக் காற்றைத் தடுப்பார். ஏற்றத்திலோ, பத்து கிலோமீட்டர் வேகத்தில் தடுக்கக் காற்று எதிர்ப்பே அதிகம் இல்லை. அவர் போகட்டும், உச்சியில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து கியர். இதில்தான் வீம்பு அதிகம். "லேசான கியருக்கு இன்னும் மாற வேண்டாம், சமாளிக்கலாம்" என்று இழுத்துக்கொண்டே போய், பெடல் நகராத நிலையில் மாற்றுவார்கள். முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றினால் செயின் தடதடக்கும், பல்லில் நழுவும், சில நேரம் கழன்றே விடும். மேடு செங்குத்தாகும் இடம் கண்ணில் பட்டதுமே மாற்றிவிடுங்கள். மாற்றும் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் அழுத்தத்தைக் குறைத்து மிதித்தால் போதும். முன்பக்கப் பெரிய பல்சக்கரத்திலிருந்து சிறியதற்கு மாறுவதை மேடு தொடங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

சரி, ஆகக் குறைந்த கியருக்கு வந்த பிறகும் பெடல் சுற்ற மறுக்கிறதா? அப்போது தவறு உங்களிடம் இல்லை, கியர் அமைப்பில் இருக்கிறது. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் உள்ள சாலை சைக்கிளில் நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் வேகம் மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். செங்குத்தான மேட்டில் பொழுதுபோக்குக்காக ஓட்டும் பலருக்கு அது முடியாத வேகம். மிதிப்பு நாற்பதுக்கு இறங்கும், சுமை முழுதும் முழங்காலில் விழும். பின்னால் 34 பல் சக்கரம் இருந்தால் அதே 60 மிதிப்புக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் போதும். பின்பக்கம் செயினை நகர்த்தும் பாகம் அவ்வளவு பெரிய சக்கரத்தை ஏற்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். இதைச் செய்யாமல், அரை கிலோ குறையும் என்று விலை உயர்ந்த பாகங்களை வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். 85 கிலோவில் அரை கிலோ போனால், இருபது நிமிட ஏற்றத்தில் மிச்சமாவது ஏறக்குறைய ஏழு நொடி.

எழுந்து நின்று மிதிப்பது தவறில்லை. முதுகுக்கும் இடுப்புக்கும் கொஞ்சம் விடுதலை. ஆனால் நம் உடலைத் தாங்கும் வேலையும் காலுக்கே வருவதால் நாடித்துடிப்பு ஏறும். வளைவின் செங்குத்தான பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுவதற்கு முன் ஒரு கியர் கடினமாக்கினால் பெடல் திடீரென்று கீழே ஓடாது. மற்ற நேரம் சீட்டிலேயே உட்கார்ந்து, ஹேண்டில்பாரை இறுக்காமல், தோளைத் தளர்த்தி மிதியுங்கள். பிடியை நெரிப்பதால் சைக்கிள் ஓர் அடிகூட கூடுதலாக நகராது.

வேகம் குறைவு என்பதால் உடலைக் குளிர்விக்கும் காற்றும் குறைவு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

நடுவில் நிற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் நிற்கும் முன் லேசான கியருக்கு மாறிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துவிட்டு, சாலைக்குக் குறுக்காகச் சாய்வாகக் கிளம்பினால் மேட்டின் கடுமை சற்றுக் குறையும்.

அப்புறம், உச்சியைத் தொட்டதும் அப்படியே இறங்கத் தொடங்காதீர்கள். வியர்வையில் நனைந்த உடலில் இறக்கத்துக் காற்று பட்டால் விரல் விறைத்துப்போய் பிரேக் பிடிக்கத் தடுமாறும். மேல்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்புங்கள்.