சென்னையில் கல்லூரி கிடைத்தாச்சு, தங்க இடம்?

கலந்தாய்வில் இடம் கிடைத்த அன்றே விடுதி விண்ணப்பத்தையும் பாருங்கள். கல்லூரியில் இடம் கிடைத்தால் விடுதியும் தானாகக் கிடைத்துவிடாது.

நான் தென்காசியிலிருந்து வந்து படித்தவள். ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது அரசு நல விடுதிகளைத்தான். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு அங்கே தங்கலும் சாப்பாடும் இலவசம். 2025இலிருந்து சமூகநீதி விடுதி என்று பெயர். பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்றால் வீட்டிலிருந்து கல்லூரி குறைந்தது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மாணவிகளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. சாதி, வருமானச் சான்றிதழ்களை இப்போதே இ-சேவை மையத்தில் வாங்கி வையுங்கள்.

அமையவில்லையா? சரி, வெளியே பார்ப்போம். தனியார் பெண்கள் விடுதி 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றைக் கேளுங்கள், மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். அறைக்குள் போனதும் குழாயைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். வேளச்சேரிப் பக்கம் நான் இருந்த வீட்டில் உப்புத் தண்ணீர், முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. ஜன்னல் திறக்கிறதா, கரண்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு, இதையும் கேட்டுவிடுங்கள்.

நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.