மூளை ஸ்கேன் நியூஸ் ஃபார்வர்டு வந்தா எப்படி படிக்கிறது

எங்க பெரிய மாமா பாமாயில் மில்லுக்கு செம்பனைப் பழ லோரி ஓட்டுறவரு, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். போன வருஷம் தோட்டத்து மண் ரோட்ல லோரி கவுந்து பக்கத்துல உக்காந்திருந்த கூட்டாளி அவரு கண்ணு முன்னாலயே போயிட்டாரு. மாமாவுக்கு தலையில தையல், ஆஸ்பத்திரியில சிட்டி ஸ்கேன் எடுத்து கிளியர்னு அனுப்பிட்டாங்க. கூத்து அதுக்கப்புறந்தான் ஆரம்பிச்சது. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வாசப்படியில உக்காந்துக்குவாரு, அந்த ரோடு பக்கமே போறதில்ல, அத்தை என்னான்னு கேட்டா எரிஞ்சு விழுவாரு. ஒரு நாள் நானும் அவரும் கடையில தே ஓ குடிச்சுக்கிட்டு இருக்கோம், ரோட்டோரமா ஒரு லோரி வந்து நின்னு ஏர் பிரேக்க 'ப்ஸ்ஸ்ஸ்'னு விட்டுச்சு, அவ்ளோதான், கிளாஸ் சாஞ்சு தே பூரா மேசையில ஓடுது, மாமா மேசை விளிம்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு கண்ண மூடி உக்காந்திருக்காரு. நான் டிஷ்யூ எடுத்து தொடைக்கிற மாதிரி பாவ்லா பண்ணேன், வேற என்னா செய்யறதுன்னு தெரியல.

சொந்தக்காரங்க ரெண்டு கட்சி. ஒரு கட்சி, "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்னா நடிப்பு". இன்னொரு கட்சி எங்க மச்சான், குடும்ப வாட்ஸ்ஆப்ல செகப்பும் நீலமுமா மூளை படம் போட்ட வீடியோ ஒண்ணு அனுப்பி, பிடிஎஸ்டி (பயங்கரமா ஒண்ணு நடந்தப்புறம் மனசுல தங்கிப்போற பாதிப்பு) இருந்தா ஸ்கேன்ல அப்படியே தெரியுமாம், பிரைவேட்ல காசு கட்டி எம்ஆர்ஐ எடுத்துருவோம்னாரு. எனக்கு ரெண்டு கட்சியும் ஒரே தப்பத்தான் பண்றாங்கன்னு பட்டுச்சு, மனசுல இருக்கிறத ஸ்கேனு சொல்லிரும்னு நம்புறாங்க. நான் டாக்டர் இல்ல, டியூஷன்ல பயோலஜி சொல்லிக் குடுக்கிற ஆளு, ஆனா அந்த வீடியோவுக்குப் பின்னால இருக்கிற ஆய்வுகள உக்காந்து படிச்சேன். நீங்களும் படிக்கிறதா இருந்தா இப்படி படிங்க.

முதல்ல எந்த ஸ்கேனுன்னு பாருங்க. ஆக்சிடண்ட் ஆனதும் எடுக்கிற சிட்டி ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இதெல்லாம் பாக்கத்தான், பயத்த பாக்க இல்ல, அதனால 'கிளியர்'னா மண்டைக்குள்ள ரத்தம் கசியலன்னு அர்த்தம், ராத்திரி தூக்கம் வருமான்னு அது சொல்லாது. சாதா எம்ஆர்ஐ மூளையோட உருவத்த, எந்த பாகம் எவ்ளோ பெருசுன்னு காட்டும். எஃப்எம்ஆர்ஐ வேற, ரத்தத்துல ஆக்சிஜன் ஏறி இறங்குறத வச்சு எந்த இடம் வேலை செய்யுதுன்னு கணக்கு போடுறது, செய்ஜி ஒகாவா 1990ல இதுக்கு வழி காட்டினாரு. பெட் ஸ்கேனுக்கு கதிரியக்க மருந்து ஊசி போடணும். வீடியோவுல எல்லாத்தையும் 'பிரெய்ன் ஸ்கேன்'னு ஒரே சட்டியில போட்டு கிண்டிருவாங்க.

அடுத்தது அந்த கலரு. மூளைக்குள்ள செகப்பு லைட்டு எதுவும் எரியல. ரெண்டு நெலமைய எடுத்து, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ண கழிச்சு, வித்தியாசம் ஒரு அளவுக்கு மேல இருக்கிற எடத்துல கம்ப்யூட்டர் பெயிண்ட் அடிக்குது, அந்த அளவ எங்க வைக்கிறதுன்னு ஆய்வு செய்யறவங்கதான் முடிவு பண்ணுறாங்க. மூளைய பொடிப்பொடி கட்டமா பிரிச்சு ஆயிரக்கணக்குல ஒவ்வொண்ணா சோதிக்கிறப்ப சும்மா குருட்டு அதிர்ஷ்டத்துல நாலஞ்சு கட்டம் 'எரியத்தான்' செய்யும். இத காட்டறதுக்காக 2009ல அமெரிக்காவுல ஒரு குரூப் செத்துப்போன சால்மன் மீன எஃப்எம்ஆர்ஐக்குள்ள படுக்க வச்சு, அதுகிட்ட மனுசங்க போட்டோ காட்டி, இவங்க என்னா ஃபீல் பண்றாங்கன்னு கேட்டாங்க. கணக்க சரியா திருத்தாம விட்டா மீனு மூளையிலயும் செகப்பு புள்ளி வந்துச்சு! 2012ல இதுக்கு இக் நோபல் பரிசும் (சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற ஆய்வுக்குக் குடுக்கிறது) குடுத்தாங்க. இந்த கதைய மச்சானுக்கு சொன்னேன், அவரு சிரிக்கிற ஸ்டிக்கர் போட்டுட்டு வீடியோவ டிலீட் பண்ணாம விட்டாரு.

இப்ப முக்கியமான இடம், இங்க அவசரப்படாதீங்க: எத்தன பேரு, யார யாரோட ஒப்பிட்டாங்க. 1995ல பிரெம்னரும் கூட்டாளிங்களும் பிடிஎஸ்டி உள்ள வியட்நாம் போர் வீரங்க 26 பேர, இல்லாத 22 பேரோட ஒப்பிட்டு, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் வலது பக்கம் சராசரியா 8 சதவீதம் சின்னதா இருக்குன்னு சொன்னாங்க. 'அதிர்ச்சி மூளைய சுருக்கிரும்'னு பேச்சு பரவுனதுல இந்த மாதிரி ஆய்வுக்கு பெரிய பங்கு. அப்புறம் 2018ல பல நாட்டு ஸ்கேன ஒண்ணா சேத்து 1,868 பேர் (பிடிஎஸ்டி உள்ளவங்க 794) பாத்தாங்க, ஹிப்போகேம்பஸ் சின்னதாத்தான் இருந்துச்சு, ஆனா வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்த எப்படி புரிஞ்சுக்கிறதுன்னா, தோட்டத்துல ரெண்டு பிளாக்கு, ஒரு பிளாக்கு குலை சராசரியா அடுத்த பிளாக்கு குலைய விட அரை கிலோ கம்மின்னு வைங்க, ஆயிரம் குலைய நிறுத்தா தெரியும், ஆனா லோரியிலேர்ந்து ஒரே ஒரு குலைய எடுத்து குடுத்து இது எந்த பிளாக்குன்னு கேட்டா மில்லுல இருக்கிற எந்த கிராணியாலயும் சொல்ல முடியாது. மாமா ஒரு குலை.

யாரோட ஒப்பிட்டாங்கங்கறதும் அப்படித்தான். அதிர்ச்சியே படாதவங்களோட ஒப்பிட்டா, வித்தியாசம் அதிர்ச்சியாலயா பிடிஎஸ்டியாலயான்னு பிரிக்க முடியாது, அதே ஆக்சிடண்ட பாத்தும் நல்லா இருக்கிறவங்களோட ஒப்பிட்டாத்தான் சரி. குடிய கணக்குல எடுத்தாங்களான்னும் தேடுங்க, ஏன்னா அதிகக் குடியும் ஹிப்போகேம்பஸ சின்னதாக்கும், போர் வீரங்க மத்தியில குடி ஜாஸ்தி, நம்ம தோட்டத்து சம்சு சாராயக் கதை உங்களுக்கே தெரியும். இன்னொண்ணு நான் யோசிச்சது: எம்ஆர்ஐ குழாய்க்குள்ள டக்கு டக்குன்னு ஆணி அடிக்கிற மாதிரி சத்தம், ஆடாம அசையாம படுக்கணும், பிரேக் சத்தத்துக்கே துள்ளுற ஆளு அதுல எப்படி படுப்பாரு? படுக்க முடிஞ்சவங்க மூளைதான் ஆய்வுல இருக்கும்.

எது முன்னால எது பின்னாலன்னு கேட்காம விடாதீங்க. 2002ல கில்பர்ட்சன் குழு செஞ்ச வேலை எனக்கு ரொம்ப பிடிச்சது. ஒரே கருவுல உருவான இரட்டையர்கள எடுத்தாங்க, ஒருத்தர் வியட்நாம் போனவரு, இன்னொருத்தர் சண்டைக்கே போகாதவரு. போனவருக்கு பிடிஎஸ்டி கடுமையா இருந்தா ஹிப்போகேம்பஸ் சின்னது, சரி, வீட்ல இருந்த தம்பிக்கும் சின்னதா இருந்துச்சு! அப்ப சண்டை சுருக்குச்சா, இல்ல சின்னதா இருக்கிறவங்களுக்கு பிடிஎஸ்டி வர வாய்ப்பு ஜாஸ்தியா? இந்த ஆய்வு ரெண்டாவது பக்கம் சாயுது. அதனால 'சுருக்கிரும்'னு ஒரு தலைப்ப பாத்தா அந்த வினைச்சொல்லுக்கு கீழ கோடு போடுங்க.

'மூளையில பயத்த கவனிக்கிற அமிக்டலாதான் அலாரம், நெத்திக்குப் பின்னால இருக்கிற பாகம் பிரேக்கு, பிடிஎஸ்டியில பிரேக் பிடிக்கல' அப்படின்னு ஒரு கதை எல்லா வீடியோவுலயும் வரும். மோசமான கதை இல்ல, நிறைய ஆய்வு அதுக்கு ஒத்துப்போகுது. ஆனா 2008ல கோனிக்ஸ் குழு வியட்நாம்ல தலையில காயம் பட்ட வீரங்கள பாத்தப்ப, அமிக்டலா கெட்டுப்போனவங்க ஒருத்தருக்குக்கூட பிடிஎஸ்டி இல்ல, அது கதைக்கு பொருந்துது, பிரேக்குன்னு சொல்ற பாகம் கெட்டவங்களுக்கும் பிடிஎஸ்டி கம்மியாத்தான் இருந்துச்சு, அது பொருந்தல. லோரி பிரேக் மாதிரி லேசா இல்ல விஷயம்.

நானே ஏமாந்த இடமும் உண்டு. 1996ல ராவ்ச் குழு, பட்ட அதிர்ச்சிய கதையா போட்டு கேக்க வச்சு பெட் ஸ்கேன் எடுத்தப்ப, பேச்சுக்கான புரோகா பகுதி அமுங்கிப்போச்சுன்னு சொன்னாங்க. மாமா வாய தொறக்காததுக்கு இதான் காரணம்னு அத்தைகிட்ட சொல்லப் போயிட்டேன், அப்புறம் பாத்தா 8 பேரு. எட்டு பேர வச்சு எங்க மாமாவ விளக்க நான் யாரு.

சரி, அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது? பேசித்தான். பிடிஎஸ்டிய இன்னும் கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறாங்க: நடந்தது கனவா நெனப்பா திரும்ப வருதா, அந்த இடத்த தவிர்க்கிறீங்களா, மனசு மரத்துப்போச்சா, சத்தத்துக்கு துள்ளுறீங்களா, ஒரு மாசத்துக்கு மேல இருக்கா. சுகாதாரக் கிளினிக்குக்கு போங்க, குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), அங்கேர்ந்து தேவைப்பட்டா மனநல டாக்டருக்கு கடிதம் குடுப்பாங்க. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிருவாங்களோன்னு மாமா பயந்தாரு, நம்ம ஊர்ல அந்தப் பேரச் சொல்லித்தானே ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணி வளந்தோம். அப்படி யாரும் அள்ளிக்கிட்டு போகல. பேச்சு சிகிச்சை இருக்கு, செர்ட்ராலின் மாதிரி மாத்திரை இருக்கு. யாருகிட்டயாவது பேசணும்னா மனநல உதவிக்கான ஹீல் லைன் 15555.

போறப்ப ஒரு தாள் எழுதி எடுத்துக்கிட்டு போங்க, டாக்டர் முன்னால உக்காந்தா எல்லாம் மறந்துரும். எத்தன மணிக்கு முழிப்பு, வாரத்துல எத்தன தடவ கனவு, எந்த சத்தம், எந்த ரோடு. மாமா மில்லுல குடுத்த பழைய எடைச்சீட்டு ஒண்ணு பின்னால எழுதினாரு, ஆறு வரி, ஆறாவது வரியில கூட்டாளியோட பேரு மட்டும். டாக்டர் அத படிச்சுட்டு ஸ்கேன் பத்தி ஒரு வார்த்தையும் கேக்கல, "இவரு யாரு, சொல்லுங்க"ன்னு கேட்டாரு. நான் வெளிய வந்து அத்தையோட பெஞ்சுல உக்காந்துட்டேன், முக்கா மணி நேரம் கதவு தொறக்கல.